மேற்கே முந்திய பாங்கு

மேலப்பாளையத்தில் ரைஹானத்தைத் தெரியாதவர்கள் நிறையப் பேர். அவள் எழுதியதை நம்பி ஐந்து வேளையும் தொழுகிறவர்கள் அதைவிட நிறையப் பேர். பள்ளிவாசல் சுவரில் சிவப்பு எழுத்தில் மினுங்கும் தொழுகை நேரப் பலகை இருக்கிறதே, அப்படிப்பட்ட பலகைகளில் இந்தப் பக்கத்து ஊர்களில் மாட்டியவை பலவற்றுக்கு மூளை அவளுடையது. பெட்டி செய்வது, விலை பேசுவது, ஏணி வைத்து மாட்டுவது, ஜமாஅத் நிர்வாகிகளோடு டீ குடிப்பது எல்லாம் அவள் கொழுந்தன் அப்ரார். ஊரார் வாயில் அது ‘அப்ரார் பலகை’. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்றால் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

இன்ஜினியரிங் முடித்துப் பெங்களூரில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். பொம்பளைப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா என்று வீட்டில் ஆளாளுக்குக் குதித்தபோது, வாப்பாவின் தங்கை மைதீன் பாத்திமா ஒருத்திதான் அவள் பக்கம் பேசினாள். “போயிட்டு வரட்டுமே, என்ன இப்போ” என்று மாமி சொன்ன பிறகுதான் வாப்பா பெட்டியை இறக்கிக் கொடுத்தார். பிறகு நிக்காஹ் ஆயிற்று. மாப்பிள்ளை அலி அஸ்கர் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனார், ரைஹானத் மேலப்பாளையத்துக்கு வந்தாள். இனி அடுப்படிதான் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும்தான்.

மகள் இஷ்ரத் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், அப்ரார் எங்கிருந்தோ வாங்கிவந்த நேரப் பலகை தமிழ் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகக் காட்டியது. “மச்சி, இதைக் கொஞ்சம் பாருங்களேன்” என்று கொண்டுவந்து வைத்தான். பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் உள்ளே இருந்த நிரலைத் தூக்கி எறிந்துவிட்டுத் தானே புதிதாக எழுதினாள். துணி காயப்போடும் மாடியில் ஒரு சின்ன அறையும் ஒரு மேஜையும் அவளுக்கென்று ஆனது. சுவரில் மாட்டிய பிறகு பலகை எப்படி இருக்கிறது என்று அவள் நேரில் பார்த்ததே கிடையாது. அவர்கள் பக்கத்தில் பெண்கள் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகிற வழக்கம் இல்லை. அப்ரார் போனில் படம் அனுப்புவான். அதைப் பெரிதாக்கி எழுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்வாள்.

கரண்ட் வந்ததும் பலகைக்குள் முதலில் கண்விழிப்பது ஒரு குட்டி நிரல். பூட்லோடர் என்பார்கள். தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்து விளக்கைப் போடுகிற மாதிரி, அது வந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பெரிய நிரலை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது எழுப்ப வேண்டிய நிரலை ஒழுங்காகக் கட்டித் தருவதற்கு ரைஹானத் தன் கம்ப்யூட்டரில் ஒரு கருவி எழுதி வைத்திருந்தாள். ‘பொட்டலம்’ என்று பெயர் வைத்திருந்தாள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிப் பொட்டலம். அதன் முகப்பில் பள்ளியின் பெயர் இருக்கும், அதற்கு அடுத்து அந்த ஊருக்குக் கூட்ட வேண்டிய நிமிடம் இருக்கும்.

நிமிடம் எதற்கென்றால், சூரியன் முதலில் கடற்கரைக்காரர்களுக்கு மறையும், பிறகு திருநெல்வேலிக்கு, அதற்கும் பிறகுதான் மேற்கே மலையடிவாரத்துக்கு. ரைஹானத் கடற்கரை நேரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்ற ஊர்களுக்கு மேலே கூட்டினாள். சூரியன் மறைந்ததும் தொழுகிற மஃரிபுக்குப் பேணுதலாக இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். மேற்குக் கோடி ஊருக்கு மொத்தம் ஐந்து நிமிடம் வரும்.

பலகைக்குள் இருக்கும் சிப்புக்கு ஒரு குணம் உண்டு. எதையும் நான்கு நான்காக அள்ளத்தான் அதற்குப் பிடிக்கும். கல்யாண வீட்டில் சஹன் என்கிற பெரிய தட்டுக்கு நாலு பேராக உட்கார்த்துகிற கணக்குத்தான். ஒரு வீட்டிலிருந்து பதிமூன்று பேர் வந்தால் கடைசி சஹனில் ஒருவர் மட்டும் இருப்பார், மூன்று இடம் காலியாகக் கிடக்கும், அடுத்த வீட்டார் புது சஹனில் தொடங்குவார்கள். பெயருக்கு ரைஹானத் ஒதுக்கிய இடமும் அப்படித்தான் நாலில் அடங்காமல் நின்றது. பெயருக்கும் நிமிடத்துக்கும் நடுவே மூன்று இடம் சும்மா கிடந்தது. அவள் விட்டதல்ல, நிரலைச் சிப்பு மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாகவே விட்டது. பெயர் கொஞ்சம் நீண்டு வழிந்தாலும் அந்தக் காலி இடத்தில் விழுந்து கிடக்கும். அப்படி இரண்டொரு பள்ளியின் பெயர் வழிந்தும் இருக்கிறது. அவளுக்கு அது தெரியவே தெரியாது.

தெரிந்திருக்க வேண்டும். பெயரை எடுத்து முகப்பில் வைக்கிற வரியில், இவ்வளவு நீளத்துக்கு மேல் வைக்காதே என்று ஓர் அளவு சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கம்பைலர் ஒவ்வொரு தடவையும் மஞ்சள் எழுத்தில் எச்சரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் அடுப்பில் பால் பொங்குகிற வாசம் வர, கம்பைலரின் வாயை அடைக்க ஒரு வரி சேர்த்துவிட்டுக் கீழே ஓடினாள். பிறகு அது எச்சரிக்கவேயில்லை. இதைக் கெட்ட நேரம் என்று சொல்லித் தள்ள முடியாது. அவசரம், அவ்வளவுதான்.

நோன்பு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பு அப்ரார் புது ஆசையோடு வந்தான். விடியுமுன் சாப்பிடுகிற சஹர் நேரம் முடிவதற்கு முன்னால் பலகை தானே மணியடித்து எழுப்ப வேண்டுமாம். அதற்கான குறிப்பை முகப்பில் வைக்க மூன்று இடம் தேவைப்பட்டது, முகப்போ நிரம்பிவிட்டது. அப்போதுதான் பெயருக்குப் பின்னால் கிடக்கும் காலி இடம் அவள் கண்ணில் பட்டது. நெருக்கி உட்காரவை என்று கம்பைலருக்கு ஒரு சொல் சொன்னாள். பெயருக்கு அடுத்து, இடைவெளியே இல்லாமல், நிமிடம் வந்து உட்கார்ந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் மைதீன் பாத்திமா மாமி போன் செய்தாள். மாமிக்கு ஊர் ஆழ்வார்குறிச்சிக்கும் மேற்கே, மலையை ஒட்டிய ஒரு சிற்றூர். ஒரே பள்ளி, ஒரே தெரு. மாமா தாஜ் முகம்மது போன வருஷம் மவுத்தாகியிருந்தார். நோன்பு மாதம் முழுக்கப் பள்ளிக் கஞ்சிக்கு அண்டா பக்கத்தில் நின்றவர். அவர் நினைவாகப் பள்ளிக்கு ஒரு பலகை கொடுக்க வேண்டும், அதில் அவர் பெயர் ஓட வேண்டும் என்றாள் மாமி.

“முழுப் பேரையும் போடணும், ரைஹானா. ஹாஜியார், அவுக வாப்பா பேரு, எல்லாம். உசிரோட இருந்தமட்டும் ஊரு முழுக்க அவரைத் தாசு தாசுன்னு சுருக்கியே கூப்பிட்டுச்சு. இதுலயாவது சுருக்காம இருக்கட்டும்.”

ரைஹானத் பெயரைத் தட்டிப் பார்த்தாள். ஒதுக்கிய இடத்தை அது நூலிழை மிச்சமில்லாமல் நிரப்பியது. ஓர் எழுத்தும் குறைக்க வேண்டியிருக்கவில்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கிறதே என்று பூரித்துப்போனாள். ஆனால் இந்தத் தொழிலில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும், பெயர் முடிந்தது என்று காட்ட ஒரு சுழியம் வைத்தாக வேண்டும். அதற்கும் ஓர் இடம் வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. மாமிக்குச் செய்கிற சந்தோஷத்தில் அது அவளுக்கு மறந்துபோயிற்று. ‘பொட்டலம்’ முதலில் ஐந்து நிமிடத்தை எழுதியது, பிறகு பெயரை எழுதியது, பெயரின் கடைசியில் சுழியத்தை வைத்தது. வெளியே விழுந்த அந்தச் சுழியம் ஐந்தின் மேல் உட்கார்ந்து அதை அழித்தது. எல்லாம் கட்டி முடிந்த பிறகு சரிபார்ப்புக்காகப் போட்ட கூட்டுத்தொகை பிசகாமல் இருந்ததால் பூட்லோடரும் சரி என்று தலையாட்டியது. மாமாவின் பெயர் ஓர் எழுத்தும் சிதையாமல் ஓடியது. அப்ரார் அனுப்பிய படத்தைப் பார்த்து மாமி அழுதாள்.

அந்தப் பலகை வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் பிசகை முதல் நாளே பிடித்திருப்பார்கள். அங்கே சூரியன் பொழுது சாய்வதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். தெருவில் நிழல் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் மஃரிபு வரும். வானத்தைப் பார்த்து நேரம் சொல்ல அங்கே யாராலும் முடியாது. போனில் ஆளுக்கொரு நேரம் காட்டும், பள்ளியில் ஓடுவதுதான் நேரம் என்று நோன்பு முழுக்க மோதினார் பலகையைப் பார்த்தே பாங்கு சொன்னார். கொஞ்சம் முந்துதோ என்று இழுத்த ஒரு பெரியவரை, உங்களுக்குப் பசி தெரியலைபோல என்று கேலி செய்து உட்காரவைத்தார்கள்.

நோன்பின் கடைசிப் பத்து நாளில் ஒருநாள் ரைஹானத் மாமி வீட்டுக்குப் போனாள். மாமியின் மகள் தஸ்மியா பக்கத்து ஊரில் டீச்சர். அவள் வந்ததும் மூவரும் கஞ்சிக் கிண்ணங்களோடு உட்கார்ந்தார்கள். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தார்கள். அப்போது மேலப்பாளையத்திலிருந்து இஷ்ரத் போன் செய்து, சட்னி எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்று கேட்டாள். நோன்பு திறந்தாயிற்றா என்று ரைஹானத் சும்மா கேட்டாள்.

“இன்னும் இங்கன பாங்கு சொல்லலையே, உம்மா.”

கிழக்கே சொல்லாத பாங்கு மேற்கே எப்படிக் கேட்டது? பேரீச்சம்பழம் பாதி மென்றபடி ரைஹானத் அப்படியே இருந்தாள். வேறொருத்திக்கு அது தோன்றாமலே போயிருக்கும். அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. சூரியன் எந்த ஊருக்கு முன்னால், எந்த ஊருக்குப் பின்னால் என்று கூட்டிக் கூட்டி எழுதியவள் அவள்தானே. என்ன என்று மாமி கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் பொய்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து மாடியேறினாள். அந்தப் பள்ளியின் பொட்டலத்தைப் பிரித்தாள். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் சுழியம் இருந்தது. அதற்கு முன்னால் மாமாவின் பெயர். தேடவே வேண்டியிருக்கவில்லை. பெயர் வைக்கும் வரியில் அளவைச் சேர்த்தாள், வாயடைத்த எச்சரிக்கையைத் திறந்துவிட்டாள், பெயருக்குப் பின்னால் இடம் விட்டாள். மற்றப் பள்ளிகளின் பொட்டலங்களையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். பெயர் வழிந்தவை நெருக்குவதற்கு முன்பு கட்டியவை, மற்றவற்றில் பெயர் சிறியது, மீதி எதுவும் கெடவில்லை. அப்ரார் சரிசெய்த நிரலை ஏற்றிய புதுக் கார்டை எடுத்துக்கொண்டு பைக்கில் போய் மஃரிபுக்கு முன்பே மாற்றினான். பேட்டரி பலவீனம் என்று அங்கே சொல்லிவிட்டு வந்தான்.

பலகை சரியானது. அந்தத் தெருவில் அதுவரை வைத்த நோன்புகள்? அத்தனையும் சூரியன் மறைவதற்கு முன்பே திறந்தவை. அத்தனையையும் களாவாகத் திரும்ப வைக்க வேண்டும், ஆனால் வைக்க வேண்டும் என்பது வைக்க வேண்டியவர்களுக்குத் தெரியாது.

சொல்ல வேண்டும் என்றுதான் ரைஹானத் நினைத்தாள். அப்ராரிடமும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை, பயந்தவன்.

“மாமா பேர்ல மாட்டுன பலகை மச்சி. அதால ஊர் நோன்பு கெட்டுச்சுன்னு எப்படிப் போய்ச் சொல்லுவீங்க? மாமி தாங்குவாங்களா? பெருநாள் போகட்டும், பைய சொல்லிக்கிடலாம்.”

மாமிக்காகத்தான் என்ற அந்தச் சொல் ரைஹானத்துக்கு வசதியாக இருந்தது. தன் தப்பு வெளியே தெரியாமல் இருக்கவும் அதுவே போதுமானதாக இருந்தது. எது எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

பெருநாள் போயிற்று. மாமி ஆறு நோன்பு வைக்கத் தொடங்கினாள். ஷவ்வால் மாதத்தில் நன்மையை நாடி வைக்கிற நோன்பு அது, கடமையில்லை. அப்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ரைஹானத் பஸ் ஏறினாள். சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மாமி ஆரோக்கியமாகத்தான் இருந்தாள், முகத்தில் நோன்புக் களைப்பைத் தவிர ஒன்றுமில்லை. சொல்ல வாயெடுத்தபோது மாமி மாமாவைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

“ராத்திரி எல்லாரும் போன பொறவும் அவுக பேரு ஓடிக்கிட்டே இருக்குதாம். மோதினார் வந்து சொல்லுதாரு. நான் அங்கன போய்ப் பாக்கவா முடியும்? நெனச்சுக்கிட்டுப் படுத்துக்கிடுதேன்.”

பாங்கு சொன்னார்கள். இந்தத் தடவை சரியான நேரத்தில் சொன்னார்கள். ரைஹானத் தட்டிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து மாமியின் கையில் கொடுத்தாள். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தபடி கஞ்சி ஊற்றினாள்.

அடுத்த வாரம் இஷ்ரத்துக்குக் காய்ச்சல். அதற்கடுத்த வாரம் ஒரு காலையில் மாமிக்கு நெஞ்சு வலித்தது. அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

மய்யித்துக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனபோது ரைஹானத் அழுததை எல்லாரும் பார்த்தார்கள். பெற்ற மகள் மாதிரி அழுகிறாள் என்று மெச்சிக்கொண்டார்கள். அந்த மெச்சல் அவளுக்குச் செருப்படியாக விழுந்தது. ஓதல் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு தஸ்மியாவை அடுப்படிக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள். சுழியம், இடைவெளி, எச்சரிக்கை எதையும் விடவில்லை. நடுவில் பேட்டரி என்று பொய் சொன்னதையும், ஆறு நோன்பின்போது வந்து எதிரே உட்கார்ந்தும் சொல்லாமல் போனதையும் சொன்னாள். தஸ்மியா அன்றைக்கே தன் அண்ணனை அனுப்பி, பள்ளியில் தொழவைக்கும் ஹஸ்ரத்திடம் சொல்லவைத்தாள்.

ஹஸ்ரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அறிவித்தார். யார் மேலும் பழி போடவில்லை. பலகையில் பிசகு இருந்தது, செய்தவர்களே வந்து சொல்லிவிட்டார்கள், அந்த நாட்களை எல்லாரும் களா வைத்துவிடுங்கள் என்று முடித்துக்கொண்டார். ரைஹானத் பயந்ததுபோல யாரும் கொந்தளிக்கவில்லை. கொஞ்சம் முணுமுணுத்தார்கள். கேலி வாங்கிய பெரியவர் சில நாள் தலை நிமிர்ந்து நடந்தார். பிறகு ஆளாளுக்குத் தோதான நாளில் நோன்பு வைக்க ஆரம்பித்தார்கள். மாமாவின் பெயரைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆகிவிட்டது. இவ்வளவுக்காகவா பயந்தோம் என்று நினைக்க நினைக்கத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மவுத்தாகிவிட்டவரின் விடுபட்ட நோன்பை நெருங்கிய சொந்தம் வைக்கலாமா என்று ஹஸ்ரத்திடம் கேட்டனுப்பினாள். ஷாஃபி மத்ஹபின் சட்டப்படி வைக்கலாம் என்று பதில் வந்தது. அந்த ஊர்க்காரர்கள் அந்த மத்ஹபுதான். மாமியின் நோன்பு அத்தனையையும் தான் வைப்பது என்று முடிவு செய்துகொண்டு, அதைச் சொல்லத் தஸ்மியாவிடம் போனாள். ஏதோ ஒரு பாரத்தை இறக்க வழி கிடைத்துவிட்ட வேகம் அவள் பேச்சில் இருந்தது.

தஸ்மியா உம்மாவின் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“வேண்டாம், லாத்தா. உம்மா நோன்பை நானும் அண்ணனும் வச்சுக்கிடுதோம்.”

தனக்கும் அதில் பங்கு வேண்டும், பாதியாவது வேண்டும் என்று ரைஹானத் கெஞ்சினாள். மாமி தனக்கும் உம்மா மாதிரிதான் என்றாள்.

“உம்மா ஆறு நோன்பு வச்சா” என்றாள் தஸ்மியா. குரலில் கோபம் இல்லை. “பெருநாளைக்குப் பொறவு, நல்லா தெம்பா, ஆறு நாளு. நீங்கதான் எதிர்ல இருந்து பழம் எடுத்துக் குடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையே களான்னு நிய்யத் வச்சிருப்பாளே, லாத்தா. பசியோடதானே இருந்தா. மனசுல நெனக்கிறதை மட்டும் மாத்தணும், அவ்வளவுதானே. அதுக்கு மேலயும் வச்சிருப்பா. அவளுக்கா முடியாது?”

மாமி தாங்கமாட்டாள் என்று தான் நினைத்தது எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் ரைஹானத்துக்கு முழுசாகத் தெரிந்தது. பெங்களூருக்கு அனுப்பு என்று வீட்டையே எதிர்த்துப் பேசியவள் அவள். பலகை பிசகிவிட்டது என்று சொல்லியிருந்தால், ‘சரி, வைக்கிறேன்’ என்றுதான் சொல்லியிருப்பாள். அவளைத் தாங்கமாட்டாதவளாக ஆக்கியது ரைஹானத்தின் பயம்தான்.

கிளம்பும்போது தஸ்மியா வாசல்வரை வந்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்றா என்று கேட்டாள், வழக்கம்போல முருங்கைக்காய் கட்டிக் கொடுத்தாள். உறவு அறுந்துவிடவில்லை. இனிமேலும் கல்யாணம் காட்சிக்குப் போவார்கள், வருவார்கள். ஆனால் அந்த ஒன்றைத் தஸ்மியா தரமாட்டாள், அது ரைஹானத்துக்குப் புரிந்துவிட்டது.

ரைஹானத்துக்கென்று திரும்ப வைக்க ஒரே ஒரு நோன்புதான் இருந்தது. மாமி வீட்டில், அந்த முந்திய பாங்குக்கு, மூவரும் சேர்ந்து திறந்தார்களே, அந்த ஒரு நாள். மற்ற நாளெல்லாம் அவள் மேலப்பாளையத்தில் சரியான நேரத்துக்குத் திறந்தவள். ஊர் முழுக்க நோன்பைக் கெடுத்தவளுக்கு ஒன்றுதான் பாக்கி. அடுத்த திங்கட்கிழமை சஹருக்கு எழுந்து அதை வைத்தாள். சாயங்காலம் பாங்கு சொன்னதும் இஷ்ரத் பேரீச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். ரைஹானத் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வாயில் வைக்காமலே இருந்தாள்.